கவிழ்த்தும் கரைசேராத ஆனந்தவள்ளி அம்மையாருக்கு

ஆழ்கடல் அலைமேல் அசைந்தாடும் இரும்பு ஊரைக் கால் நூற்றாண்டு சாயாமல் காத்த சமநிலைச் செல்வியே, கட்டுப்பாட்டு அறையின் கண்ணுறங்காக் காவலே, எடமலைப்பட்டி புதூர் எண்ணெய்க் கடலுக்கு ஈந்த எங்கள் ஆனந்தவள்ளி அம்மையாரே, வணக்கம்!

கால் ஊன்ற முடியாத ஆழத்தில், சங்கிலிகளால் கட்டுண்டு மிதக்கும் நம் எண்ணெய்த் தளத்தின் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றியும் இறக்கியும் அதை நிமிர்த்தி வைத்தவர் தாங்கள். புயலில் தளம் சரியத் தொடங்கினால் நாங்கள் ஆண்டவனைத் தேடுவோம். தாங்கள் வால்வைத் தேடுவீர்கள்.

அவையோரே, இத்தகையவரைச் சாய்த்தது ஒரு தகரப் பெட்டி. தளத்துக்குப் போக ஹெலிகாப்டர்தான் வழி. அதில் ஏற, நான்காண்டுக்கு ஒருமுறை நீச்சல் குளத்தில் சோதனை உண்டு. ஹெலிகாப்டர் போன்ற பெட்டிக்குள் பெல்ட் போட்டு அமர்த்தி, தண்ணீருக்குள் தலைகீழாய்க் கவிழ்ப்பார்கள். ஜன்னலைத் தள்ளித் தாமே வெளிவர வேண்டும். எத்தனையோ முறை தேறிய அம்மையாரை நான்காண்டுக்கு முன் பயிற்சியாளர் இழுத்து வெளியேற்றும்படி ஆயிற்று. இன்னொரு முறை தவறினால் கடல் கிடையாது, கரையில் நாற்காலிதான். நிர்வாகம் அதைத் துடைத்தே வைத்துவிட்டது. அம்மையாரோ, தளத்திலிருந்துதான் ஓய்வு பெறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அதன்பின் அவர் வீட்டு மொட்டை மாடியில் நடந்ததை நாங்கள் துருவிக் கேட்கவில்லை என்றால் அது பொய். அடுத்த வீட்டு லூர்துராணி அக்கா சொன்னார், கேட்டோம், கொஞ்சம் பரப்பவும் செய்தோம். அண்டா நிறையத் தண்ணீர். அதில் முகம் புதைத்தபடி அம்மையார்.

"என்ன வள்ளி, வேண்டுதலா?"

"இல்லக்கா. ஹெலிகாப்டர் கடல்ல விழுந்தா வெளிய வரப் பழகுறேன்."

"விழாத ஹெலிகாப்டராப் பாத்து ஏறக் கூடாதா?"

"பேச வச்சுட்டீங்க. மறுபடி முதல்லேருந்து மூச்சடக்கணும், போங்கக்கா."

அம்மையாருக்குப் பேய் பிடித்ததாகவும், கணவர் வீரமலை மந்திரிக்க ஆள் தேடுவதாகவும் புதூர் முழுக்கப் பேச்சு. வீரமலை அவர்களோ மாடிக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்.

சோதனை நாள் வந்தது. பெட்டி கவிழ்ந்தது. அம்மையார் பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னலைத் தள்ளி வெளியேறும் வேளையில், பக்கத்து இருக்கையில் நம் தளத்துத் தலைமைச் சமையற்காரர் ஜமீல் பாய் பெல்ட் சிக்கித் தவித்ததைக் கண்டார். திரும்பினார், அவிழ்த்தார், அந்தப் பேருடலையும் இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"மேடம், தனியா வரணும். இது செல்லாது" என்றார் பயிற்சியாளர்.

குளக்கரையில் நின்ற நாங்கள் சண்டைக்கு வாய் திறப்பதற்குள் அம்மையார் ஈரக் கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டார்.

"செல்லாதுன்னா மறுபடி கவுத்துங்க தம்பி. ஜமீல் பாய மட்டும் வேற நடையில ஏத்துங்க."

கவிழ்த்தார்கள். தனியாக, நிதானமாக வந்தார்.

அம்மையாரே, அன்று பிடித்த பிடியில் ஏறத்தாழ நான்காண்டுகள் தளத்திலேயே பணியாற்றி, சென்ற வாரம் அங்கிருந்தே விடைபெற்று இறங்கினீர்கள். யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தாங்கள் கேட்டது இன்னொரு முறை கவிழ்க்கத்தான். இனி உங்கள் மூச்சு யார் அவசரத்துக்கும் அடங்காமல், நோயின்றி, நூறாண்டு நிறைய ஓடட்டும் என வாழ்த்தி வணங்குகிறோம்.

இங்ஙனம்,
அடுத்த மாதம் அதே பெட்டியில் ஏறவிருக்கும்
தங்கள் தளப் பணியாளர்கள்
(ஜமீல் பாய் உட்பட)
தில்லை நகர், திருச்சிராப்பள்ளி