தொடையில் போடும் ஊசி

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, மலேசியாவில் செர்டாங்கிலிருந்து கூலிம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை.

“அக்கா, ஊசி குத்துன எடம் வெளிய தெரியுமா?” என்று அவள் கேட்டாள்.

“தொடையில தான போடுவாங்க. ஏன் கேக்கற?”

“அவருக்குத் தெரியாம கிளினிக்குக் கொண்டு போறேன். போன ஊசிக்குப் பிள்ளைக்கு ரெண்டு நாள் காய்ச்சல். இனிமே ஊசிப் பேச்சே கூடாதுன்னுட்டாரு.”

“ஊசி தெரியாட்டியும் காய்ச்சல் காட்டிக் குடுத்துடும் லா.”

இளையவள் குழந்தையின் காலைத் துண்டால் மூடினாள்.

“எங்க தோட்டத்து லயத்துல இந்த ஊசி போடாத ஒரு பிள்ளை தொண்டை அடைப்பான்ல செத்துப் போச்சு. அது மூச்சு இழுத்த சத்தம் எங்க வீட்டுக்குக் கேட்டுச்சு அக்கா. அவரு அப்ப வேலைக்குப் போயிட்டாரு. நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

மூத்தவள் குழந்தையின் தலையைத் தடவினாள்.

கிளினிக் முன்னால் பஸ் நின்றது. இளையவள் எழவில்லை.

“எறங்கலையா?”

அவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“காய்ச்சல் வந்தா நானே அவருகிட்ட சொல்லிடுறேன் அக்கா. போட்ட ஊசிய அவரால எடுக்க முடியாதுல்ல.”