கைதட்ட ஒருத்தி

பெட்டி அடுக்குவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. தம்பியின் சட்டைகள், டென்னிஸ் மட்டைகள், மட்டைக்கு நரம்பு கட்டும் என் சின்ன இயந்திரம் எல்லாம் இரண்டே பெட்டியில் அடங்கிவிடும். உட்காருங்கள் கோச் சார். அவன் உள்ளே உடை மாற்றுகிறான். வருவதற்குள் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

டென்னிஸ் என்றால் எல்லாருக்கும் பெரிய மைதானமும் கோப்பையும்தான் ஞாபகம் வரும். எங்கள் பிழைப்பு வேறு. தரவரிசையில் அவன் பெயரைத் தேட விரலை வெகுதூரம் கீழே இழுக்க வேண்டும். வாரத்துக்கு ஓர் ஊர். தகுதிச் சுற்றில் ஒரு வெற்றி, அடுத்ததில் தோல்வி, உடனே பஸ். மலிவான அறையில் இரண்டு கட்டில். முகம் கழுவும் தொட்டியிலேயே அவன் சட்டையை அலசிப் போடுவேன். காலி பெஞ்சுகளுக்கு நடுவில் கைதட்ட நான் ஒருத்திதான். எதிராளிக்கு அதுகூட இருக்காது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அதுதான் குடும்பம். சந்தோஷமாக இருந்தேன் சார்.

பிறகு அவன் ஜெயிக்க ஆரம்பித்தான். பெயர் மளமளவென்று மேலே ஏறியது. நீங்கள் வந்து பார்த்து, சீசன் முடிந்ததும் உங்களிடம் வரச் சொன்னீர்கள். அன்று சாப்பிடும்போது சொன்னான்.

"அக்கா, இனி நீ ஊர் ஊரா அலைய வேண்டாம். வீட்டுல நிம்மதியா இரு."

"அப்ப மட்டைக்கு யாருடா நரம்பு கட்டுவா?"

"அதுக்கெல்லாம் அவங்ககிட்ட ஆள் இருக்குக்கா."

கறிவேப்பிலை மாதிரி என்னை ஒதுக்கினான் என்று சொல்ல மாட்டேன். அன்போடுதான் சொன்னான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வீட்டில் பேச்சுத் துணைக்குச் சுவர்தான் உண்டு.

அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நரம்பை முன்பைவிடத் துளி விறைப்பாகக் கட்டினேன். அப்படிக் கட்டினால் பந்து படும் அதிர்ச்சியெல்லாம் முழங்கைக்குப் போகும். "மட்டை கல்லு மாதிரி இருக்குக்கா" என்றான். "உன் கைதான் தளர்ந்திருக்கு, பழகிடும்" என்றேன். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. வலி வந்தபோது ஒத்தடம் கொடுத்தேன், தைலம் தேய்த்தேன். மறுநாள் மறுபடியும் விறைப்பாகவே கட்டினேன். ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரிடம் அவனைத் திரும்பக் கூட்டிப்போகவில்லை.

நீங்கள் மட்டையை வாங்கிப்போய் நரம்பின் விறைப்பை அளந்து பார்த்தது நல்லதுதான். கை தவறிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த வேலையில் என் கை தவறாது.

கொஞ்ச நாள் தோற்கட்டும், பழைய இடத்துக்கே இறங்கட்டும் என்றுதான் செய்தேன். கை ஒரேயடியாகப் போகும் என்று தெரியாது என்றால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பொய். வலிக்கிறது என்று அவன் முதல்முறை சொன்ன அன்றே எனக்குத் தெரியும்.

இனி அவன் ஆட மாட்டான். அவனிடம் சொல்வதானால் சொல்லுங்கள், தடுக்க மாட்டேன்.

"அக்கா, சட்டைப் பட்டன் போட முடியல. கொஞ்சம் வாயேன்."

கேட்டதா? ஒரு நிமிடம் சார், வந்துவிடுகிறேன். நீங்களே பாருங்கள், நான் இல்லாவிட்டால் இவன் பாடு என்ன ஆகும்?