ஞாயிற்றுக்கிழமை சாட்சி

— அது கெடக்கட்டும் டீச்சரம்மா, மொதல்ல இதச் சொல்லுங்க. நா யாருக்கு எதிராச் சாட்சி சொல்லணும்?

— எதிராவா? ஒருத்தருக்கும் எதிரா இல்லக்கா.

— எதிரா ஆளு இல்லாம எப்புடிங்க சாட்சி? ஒங்க பாஸ்டரய்யா வாசல்ல நின்னு, "சொர்ணம்மா, ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்து சாட்சி சொல்லணும்"னு சொல்லிட்டுப் போனாரு. அதுல இருந்து எங்க வீட்டுக்காரரு சோத்துல கை வைக்கல. எங்க வெட்டுக்குத்து நடந்துச்சு, நீ என்னாத்தப் பாத்த, ஏன் போயி வாயக் குடுத்தன்னு என்னயப் போட்டுக் கொடயிறாரு.

— முத்துவீரண்ணனா? எனக்குச் சிரிப்பாணி வருதுக்கா. இது போலீசு சாட்சி இல்ல. சபையில எந்திச்சு நின்னு, ஆண்டவர் எனக்கு இந்த நன்மை செஞ்சாருன்னு நாலு வார்த்தை சொல்லுததுக்குப் பேருதான் சாட்சி. நீங்க எலிக்காச்சல்ல கெடந்து பொழச்சு வந்தியள்லா, அதச் சொல்லச் சொல்லுதாரு.

— நன்றி சொல்லுறதுக்குச் சாட்சின்னா பேரு?

— எங்க கோயில்ல அப்பிடித்தான்.

— ஒங்க ஆளுங்க தமிழு ஒரு தினுசாத்தாங்க இருக்கு. சாட்சி சொன்னா ஒங்க சபையில சேத்துக்கிருவாங்களோன்னு வேற இவருக்குப் பயம்.

— பிடிச்சுக் கெட்டிப் போடவா போறாங்க? சொல்லிட்டு வீட்டுக்கு வந்துரலாம், பாத்துக்கிடுங்க. நான் பக்கத்துலதான் இருப்பேன்.

— எங்களுக்குத் தெரிஞ்ச சாட்சி வேறங்க. கச்சால் தீவுல சுனாமித் தண்ணி வந்து போன பொறகு, காணாமப் போனவுங்கள செத்துட்டாங்கன்னு எழுதுறதுக்கு ஆபீசரு வந்தாரு. எங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்த ஒச்சம்மாவுக்கு நாந்தான் சாட்சி. "ஆங்க் சே தேக்கா?"ன்னு கேட்டாரு. கண்ணால பாத்தியான்னு. ரப்பர் காட்டுப் பக்கம் ஓடுன முதுகத்தான் பாத்தேன் சாப், சாவப் பாக்கலன்னேன். "பஸ், ஜித்னா தேக்கா உத்னா போலோ"ன்னுட்டாரு. பாத்தது எவ்வளவோ அவ்வளவுதான் சொல்லணும். அன்னைக்கு மனசுல பதிஞ்சுபோச்சு.

— இங்கயும் அதேதான். பாத்ததச் சொன்னாப் போதும்.

— அங்கதாங்க நா மாட்டிக்கிறேன். நா ஏசுசாமியப் பாக்கலயே.

— அவரக் கண்ணால பாக்க முடியாதுக்கா.

— ஒங்களத்தான் பாத்தேன். வீட்டுக்காரரு லாங் ஐலண்டுக்கு வேலைக்குப் போயிட்டாரு. மொனகல் கேட்டுக் கதவத் தள்ளிக்கிட்டு வந்தது நீங்க. ஆட்டோவுல தூக்கிப் போட்டது நீங்க. இஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு, எம் மூத்தரத் துணியக் கசக்கி வார்டு சன்னல்ல காயப் போட்டது நீங்க. ஒடம்பெல்லாம் மஞ்சப் பூத்து, ஒண்ணுக்கு நின்னுபோயி, டாக்டர் சாப் ஒதட்டப் பிதுக்குனது வரைக்கும் எனக்கு நெனவு இருக்கு. அத அப்புடியே சொல்லிப்புடுறேன். டீச்சரம்மா பக்கத்துல ஒக்காந்து ஜெபம் பண்ணாங்க, நா எந்திரிச்சேன். முடிஞ்சுபோச்சுல்ல?

— அதச் சொல்லாதிய.

— எத?

— ஜெபம் பண்ணேன்னு. என் பேரே வேண்டாம். டாக்டர் ஊசி போட்டாரு, ஆண்டவர் சொகம் குடுத்தாரு. அவ்ளோதான். உக்காந்துருங்க.

— பாஸ்டரய்யா அப்புடிச் சொல்லலயே. எங்க சிஸ்டர் எப்சிபா ராப்பகலா ஜெபிச்சதுக்கு வந்த பலன்னு அவரு வாயாலதான் சொன்னாரு.

— அவரு அப்பம் மேன்லேண்டுலல்லா இருந்தாரு. கப்பல விட்டு எறங்குனதும், எப்சிபா டீச்சர் ஆஸ்பத்திரியில கெடையாக் கெடந்தாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. மிச்சத்த அவராவே சேத்துக்கிட்டாரு. பாத்துக்கிடுங்கக்கா, மகிமை மனுசருக்குப் போகக் கூடாது.

— மகிமைன்னா?

— பெருமைன்னு வச்சுக்கிடுங்க.

— ஒங்களுக்குக் கொஞ்சம் பெருமை வந்தா சாமிக்குக் கொறஞ்சு போயிருமாங்க? அம்புட்டுச் சின்னச் சாமியா அது?

— அப்பிடி இல்ல. தாழ்மையா இருக்கணும்னு சொல்லுவாங்க.

— எனக்குப் புரியலீங்க. டாக்டர் சாப்கிட்டப் போயிக் கும்புட்டேன். "நா மருந்துதான் குடுத்தேன், ஒன் ஒடம்பு கேட்டுச்சு, அதுக்குச் சொல்லு"ன்னு சிரிச்சுட்டுப் போறாரு. ஒங்களுக்குச் சொன்னா நீங்க மேல கைய காட்டுறீங்க. ஒருத்தரும் வாங்கிக்க மாட்டேங்குறீங்க. இத நா எங்க கொண்டுபோயி எறக்குறது? எறக்காமயும் இருக்க முடியலீங்க. பயமா இருக்கு.

— என்ன பயம்?

— குடுத்தவுங்களுக்குச் சொல்லாம விட்டா, குடுத்தது திரும்பிப் போயிருமோன்னுதான். காலையில எந்திரிச்சா மொதல்ல கண்ணாடியில கண்ணு மஞ்சளா இருக்கான்னு பாக்குறேன். பாஸ்டரய்யாகூட ஒரு கத சொன்னாரு. பத்துப் பேருக்கு நோவு தீந்துச்சாம், ஒருத்தன்தான் திரும்பி வந்து கும்புட்டானாம். அப்ப மத்த ஒம்போது பேருக்கும் நோவு திரும்பி வந்துருச்சாங்கன்னு கேட்டேன்.

— என்ன சொன்னாரு?

— ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்துருங்கன்னுட்டுப் போயிட்டாரு.

— வரலக்கா. அந்த ஒம்போது பேருக்கும் நோவு திரும்பி வந்ததா ஒரு எடத்துலயும் இல்ல.

— அப்ப சொன்னாலும் சொகந்தான், சொல்லாட்டியும் சொகந்தானா? இது என்னாங்க, ஒண்ணும் புடிபடல.

— முத்துவீரண்ணன்தான் கோயில்ல நேந்துக்கிட்டாங்கன்னு சொன்னியளே. அதச் செஞ்சா மனசு ஆறும்லா?

— அந்தக் கூத்தக் கேளுங்க. பின்னால ஒரு சேவலக் கட்டிப் போட்டிருக்காரு பாருங்க. முனியாண்டி சாமிகிட்ட என்னான்னு வேண்டுனீங்கன்னு நேத்துதான் கேட்டேன். மனுசன் தலையச் சொறியிறாரு. தோண்டித் தோண்டிக் கேட்டப்பத்தான் சொல்லுறாரு. லாங் ஐலண்டுல இருந்து ஓடியாந்து வார்டுல என்னயப் பாத்தாராம். டியூப்பும் மஞ்சக் கண்ணுமாக் கெடந்தேனாம். மனசு தாங்கலயாம். "இழுத்துக்கிட்டுக் கெடக்காம நல்லபடியாப் போயிரட்டும் சாமி, ஒனக்குச் சேவல் அறுக்குறேன்"னு வேண்டிக்கிட்டாராம்.

— ஐயோ, யக்கா.

— எனக்குக் கோவம் வரலீங்க. பாசத்துலதான் கேட்டிருக்காரு. இருவது வருசமா ரப்பர் மரத்துல பால் வெட்டயில, ஒரு நாள் எனக்கு முந்திக் கஞ்சி குடிச்சதில்ல அந்த மனுசன். ஆனா அந்தச் சேவல என்னா செய்யிறது? கேட்டது நடக்கல. அறுத்தா, எதுக்குன்னு அறுக்குறது? அறுக்காட்டி, அப்ப நா செத்தாத்தான் அறுப்பீங்களான்னு வருது. அது பாட்டுக்கு அரிசியப் பொறுக்கிக்கிட்டு நிக்கிது. இவரு என் மூஞ்சியவும் பாக்க மாட்டேங்குறாரு, சேவல் மூஞ்சியவும் பாக்க மாட்டேங்குறாரு.

— சிரிக்கவா அழவான்னு தெரியலக்கா.

— அதான் சொல்லுறேன். எல்லாத்தயும் தள்ளிட்டுப் பாத்தா, மிஞ்சுறது ஒங்க ஜெபம் ஒண்ணுதான். நாளைக்கு எந்திரிச்சு நின்னு அதத்தான் சொல்லுவேன். நீங்க என்னா சொன்னாலும் சரி.

— கெஞ்சிக் கேக்கேன். சொல்லாதிய.

— ஏங்க இப்புடிப் பதறுறீங்க? நல்லதுதான சொல்லப் போறேன்?

— பொய்யாப் போயிரும்.

— எது பொய்யி?

— நான் ஜெபமே பண்ணலக்கா.

— டீச்சரம்மா?

— என்னால முடியாது. கார்நிக்கோபார்ல இருந்து வந்த பொறவு நான் ஜெபம் பண்ணதே இல்ல.

— ஒங்க மக போனதுதான் எனக்குத் தெரியும். எப்புடின்னு நா கேட்டதில்ல. சொல்ல வேணாம்னா சொல்ல வேணாங்க.

— சொல்லுதேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். விடியக்காலம் பூமி ஆடுனதும் வெளிய ஓடியாந்தோம். அவ அப்பா மேன்லேண்டுக்குப் போயிருந்தாங்க, நானும் பெனிட்டாவும்தான். அக்கம்பக்கத்து ஆளெல்லாம் மேட்டுப் பக்கம் ஓடுனாங்க. நான் ஓடல. பிள்ள கையப் புடிச்சுக்கிட்டு மணல்லயே முழங்கால் போட்டேன். கண்ண மூடிக்கோ மக்ளே, ஏசப்பா பாத்துக்கிடுவாருன்னேன். சொன்ன சொல்லக் கேக்கிற பிள்ள, மூடிக்கிட்டா. நானும் மூடுனேன். தொறக்கையில தண்ணிக்குள்ள கெடக்கேன். கையில கை இல்ல.

— அம்மா தாயே.

— அவ அப்பா மாத்தல் வாங்கித் தூத்துக்குடிக்கே போயிட்டாங்க. என்னயும் கூப்பிட்டாங்க. பிள்ளைய இந்தக் கடல்ல விட்டுட்டு நான் எங்க போக? கோயிலுக்குப் போவேன். ஜெபிப்போம்னு சொன்னதும் எல்லாரும் கண்ண மூடுவாங்க. நான் மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு முன்னால இருக்கவங்க முதுகப் பாத்துக்கிட்டு இருப்பேன். மத்தவங்க மூடியிருக்கதுனால ஒருத்தருக்கும் தெரியாது. ஒறக்கமும் அப்பிடித்தான். மாத்திரை போட்டாத்தான் கண்ணு மூடும்.

— வார்டுல ஒங்க வாயி அசைஞ்சுச்சே?

— வாய் அசைஞ்சுது, வார்த்தை வரல. உங்க மூச்சு ஓடுதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் செய்யல. நாளைக்கு அத்தன பேருக்கு முன்னால நீங்க எந்திச்சு, டீச்சர் ஜெபத்தச் சாமி கேட்டாருன்னு சொன்னா, நான் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்? நான் முழங்கால் போட்டுக் கேட்டப்பம் பிள்ளையத் தரல. கேக்காம இருந்தப்பம் உங்களத் தந்துருக்காரு. எனக்கு அது சந்தோசமா, கோவமா, அதே வெளங்கல.

— எனக்குத் தெரியுங்க.

— என்ன தெரியும்?

— வார்த்த வரலன்னு. சத்தமில்லாம மனசுக்குள்ள ஜெபிக்கிறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். காய்ச்சலு ஒடம்புக்குத்தான், காது கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அடுத்த கட்டிலுக்கு வந்து ஜெபிச்சவுங்க எல்லாம் கண்ண இறுக்கி மூடிக்கிட்டுச் சத்தமாப் பண்ணாங்க. நீங்க கண்ண முழிச்சுக்கிட்டே இருந்தீங்க. வாயி மட்டும் தெறந்து தெறந்து மூடுச்சு, தோணியில அள்ளிப் போட்ட மீனாட்டம். இந்தம்மாவுக்கு என்னயவிடச் சீக்கு பெருசுன்னு அப்பவே நெனச்சேன்.

— அப்பமே ஏன் சொல்லல?

— எந்தத் தெம்புல சொல்றது? மனசுக்குள்ள சாமியத்தான் கூப்புட்டேன். எங்க சாமியக் கூப்புட்டா ஒங்களுக்குப் பழக்கம் இல்லாத சாமி, வந்து நின்னாலும் நீங்க மெரண்டுருவீங்க. அதனால ஒங்க சாமியவே கூப்புட்டேன். பேரச் சரியாச் சொல்லத் தெரியல. டீச்சரம்மா சாமின்னுதான் கூப்புட்டேன். இவுங்க ஒரு நேரம் நிம்மதியா ஒறங்கட்டும்னு கேட்டேன்.

— எனக்காகவா கேட்டிய?

— நா போறது போறேன், இவுங்க ஒறங்கட்டும்னு. அன்னைக்கு மத்தியானம் மழ சோன்னு பிடிச்சுச்சு பாருங்க. நீங்க கட்டுலு ஓரத்துல தலயச் சாச்சீங்க. ஒறங்கிட்டீங்க.

— நான் ஒறங்கல. சும்மா சாஞ்சிருந்தேன்.

— கொறட்ட விட்டீங்க.

— அப்பிடியா?

— நர்ஸம்மா எழுப்ப வந்துச்சு. "சோனே தோ"ன்னு கண்ணக் காட்டுனேன், தூங்க விடுன்னு. ஒங்க கை என் கையிலதான் இருந்துச்சு டீச்சரம்மா. கண்ணு நல்லா மூடியிருந்துச்சு. கை வழுகல. நா புடிச்சுக்கிட்டே இருந்தேன். தண்ணி டம்ளரப் புடிக்கத் தெம்பில்லாதவ, அத மட்டும் மழ விடுற வரைக்கும் விடல.

— யக்கா.

— அழுவாதீங்க. இல்ல, அழுவுங்க, நா ஒண்ணும் சொல்லல.

— எனக்கு ஒண்ணுமே வெளங்கலக்கா.

— எனக்கு மட்டும் வெளங்குதாக்கும்? நெசமா யோசிச்சுத்தான் பாக்குறேன். எங்க வீட்டுக்காரரு நா போயிரணும்னு கேட்டாரு. நீங்க ஒண்ணுமே கேக்கல. நா ஒங்களுக்குன்னு கேட்டேன். அப்ப, சொர்ணம்மா பொழைக்கணும்னு ஒருத்தருமே கேக்கலீங்களே. யாரும் கேக்காமக் குடுத்தவருக்கு ஒங்க கோயில்ல என்னான்னு சொல்லி நன்றி சொல்லுவாங்க?