இறக்கத்தில் ப்ரீ

கிளட்ச் பழகுவதற்கு ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்த நாட்கள் போதும். எஞ்சின் இடையில் நின்றுபோனால் பெண்கள் சிரித்துவிட்டு மறுபடி திறப்பைத் திருப்புவார்கள். ஆண்கள் முதலில் கண்ணாடியைப் பார்ப்பார்கள், பின்னால் யாராவது கண்டுவிட்டார்களா என்று. வெள்ளவத்தையில் பல வருடங்களாக நான் பெண்களுக்கு வாகனம் ஓட்டப் பழக்கி வருகிறேன். என்னிடம் பழகிய ஆண் ஒருவர் மட்டும்தான். என் தங்கை சாம்பவியின் கணவர், சுகிர்தன்.

தமிழிலேயே எழுதிக்கொள்வதாக நீங்கள் சொன்னது நல்லது. முந்தின வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. கேட்காததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நானாக வந்ததற்குக் காரணம் மீரா சாஹிப். கொட்டாஞ்சேனையில் பழைய கார் விற்கும் அந்த மனிதரை, பழுதான பிரேக்கோடு காரை விற்றார் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். பிரேக் நல்ல பிரேக், நானே பார்த்தேன். ஆனால் எவ்வளவு நல்ல பிரேக் என்றாலும், மலை இறக்கம் முழுவதும் அதை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். அப்படி மிதித்துக்கொண்டு வரும்படி சுகிர்தனைப் பழக்கியவள் நான்.

அவரிடம் இருந்தது ஓட்டோமற்றிக் வாகனம் மட்டும் ஓட்டும் அனுமதிப்பத்திரம். கொள்ளுப்பிட்டியில் பெரிய நிறுவனமொன்றில் நல்ல பதவி, கம்பனிக் கார், கிளட்ச் தேவைப்படாத வாழ்க்கை. ஒருமுறை அவருடைய அலுவலக நண்பர்கள் குடும்பங்களோடு வான் பிடித்து பண்டாரவளைக்குப் போனார்கள். திரும்பும் நாளில் வான் சாரதிக்கு வயிற்றோட்டம். வான் கியர் வாகனம். அதை ஓட்டத் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் சாம்பவி ஒருத்திதான், ஏனென்றால் அவளுக்குப் பழக்கியவள் நான். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வரைக்கும் மூடுபனிக்குள் இரண்டாம் கியரில் எல்லோரையும் இறக்கிக் கொண்டுவந்தாள். நண்பர்கள் கைதட்டினார்களாம்.

“மச்சான், நீ பின்னுக்குப் போய் பிள்ளையளோட இரு” என்று ஒருவர் சொன்னாராம். “உனக்கு ஓட்டோ லைசன்ஸ்தானே. நாளைக்கு சந்தியில மூண்டு சில்லோட நில், ஆக்களை ஏத்தலாம்.”

ஓட்டோமற்றிக்கை முச்சக்கர ஓட்டோவாக்கிய இந்தப் பகிடியைச் சாம்பவி சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னாள். அடுத்த கிழமை அவளுடைய இடது கை கார்க் கதவுக்குள் அகப்பட்டது.

மரைன் டிரைவில் காரை விட்டு இறங்கும்போது கடற்காற்றுக்குக் கதவு அடித்துவிட்டது என்றாள். “அவர் பாக்கேல்லை அக்கா, காத்து.” மரைன் டிரைவில் காற்று உண்மையிலேயே பலமானது. அதை நான் கணக்கில் எடுத்தேன். ஆனால் எலும்பு இரண்டு இடத்தில், ஒன்றுக்குமேல் ஒன்றாக உடைந்திருந்தது. காற்று ஒரே கதவை ஒரே கையில் இரண்டு தரம் அடிப்பதை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் நாட்டு வாகனத்தில் கியர் பிடிப்பது இடது கை. அதற்குப் பிறகு அவளுடைய மூன்று விரல்கள் சரியாக மடியவில்லை.

முறைப்பாடு கொடுக்க அவள் மறுத்துவிட்டாள். என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். அம்மா இறந்த பிறகு அவளை வளர்த்தவள் நான். அவளுடைய அறை அப்படியே இருந்தது, கட்டில் விரிப்பு உட்பட.

“எங்க வாறது அக்கா?” என்றாள். “உங்கட வீட்டிலயும் நீங்கள் சொல்றபடிதானே நான் எழும்ப வேணும், இருக்க வேணும்.”

வேதனையில் சொன்ன சொல். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு நோக்கம்தான் இருந்தது: அவள் அந்த மனிதரிடமிருந்து வெளியே வர வேண்டும். என் வீட்டுக்கு வர வேண்டும்.

பிறகு அவர் அந்தக் காரை வாங்கினார். இரண்டு கதவு, சிவப்பு, ஆறு கியர், தரையோடு படுத்த மாதிரி நிற்கும் ஜப்பான் கார். வாங்கிய அன்று என்னையும் சாம்பவியையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

“தம்பி, ஒரு சுத்து ஓட்டிப் பாக்கல்லயா?” என்று மீரா சாஹிப் கேட்டார்.

“தேவையில்லை நானா” என்று சுகிர்தன் அவரை அண்ணன் முறை சொல்லி மறுத்தார். “எனக்குப் பாத்தாலே தெரியும்.”

“ஓட்டிப் பாக்காம ஸ்போர்ட்ஸ் கார் வாங்குற மனிசன ஏண்ட வாழ்க்கையில இப்பதான் காணுறேன். சரி, பொம்புளப் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கா?”

சாம்பவி ஜன்னல் வழியாகக் கியர்த் தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளவத்தைக்குக் காரைக் கொண்டுவந்து கொடுத்தது மீரா சாஹிப்தான். காலில் சுளுக்கு என்று சுகிர்தன் அவருக்குச் சொல்லியிருந்தார்.

அதன் பிறகு கார் அவர்களுடைய தொடர்மாடியின் கீழே உறைபோட்டுக் கிடந்தது. ஆறுதலான நேரங்களில் அவர் இறங்கிப்போய், உறையைக் கழற்றி, உள்ளே இருந்து எஞ்சினை உறும வைத்துவிட்டு மேலே வருவார். எஞ்சினைப் பதப்படுத்துவதாக நண்பர்களுக்குச் சொல்லியிருந்தார். “காருக்குள்ள இருந்து பாட்டுக் கேக்கிறார் அக்கா” என்று சாம்பவி ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரலில் அதே நண்பர்கள் நுவரெலியா போக இருந்தார்கள். அவரவர் காரில்.

அவர் என்னிடம் வருவார் என்று எனக்குத் தெரியும். சாரதிப் பயிற்சிப் பாடசாலைக்குப் போனால் வெள்ளவத்தை நடுவே போகும் காலி வீதியில் L பலகையோடு ஓடுவதை ஊரே பார்க்கும். மனைவியிடம் கேட்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

“அக்கா, ஆருக்கும் சொல்லக்கூடாது. கியர் எண்டா என்ன, ரெண்டு நாள் வேலைதானே?”

“ரெண்டு நாளும் தேவையில்லை தம்பி” என்றேன். “நீங்கள் வாகனம் கைவந்த ஆள்தானே.”

வத்தளையில் மூடிக் கிடந்த தொழிற்சாலையொன்றின் வளவில், அந்தச் சிவப்புக் காரிலேயே பழக்கினேன். அங்கே வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். அவர் தொப்பியை இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரிந்து இருப்பார். காவலாளி எட்வேட் படலையைத் திறந்துவிட்டு நிழலில் கதிரை போட்டுக்கொள்வார்.

“மிஸ், இன்னைக்கு சேர் எத்தன தடவ ஆஃப் பண்றாருன்னு பாப்போம்” என்பார், அவருக்கும் கேட்கும்படி. “நேத்து தவள மாதிரி பாஞ்சிச்சே.”

சுகிர்தனின் காது சிவக்கும். நான் எட்வேட்டைக் கடிந்துகொள்வேன். பிறகு சுகிர்தனிடம், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான், உங்களுக்குக் கால் நல்ல மென்மை என்பேன். என் தங்கையின் விரல்களை உடைத்தவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு, ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

மற்ற எல்லாவற்றையும் சரியாகத்தான் பழக்கினேன். புறப்படுவது, நிறுத்துவது, மேட்டில் பின்னுக்கு உருளாமல் பிடிப்பது எல்லாம் சுத்தமாக வந்தது. ஒன்றை மட்டும் மாற்றினேன்.

கியரில் போடாமல் வாகனத்தைத் தன்பாட்டில் உருளவிடுவதை எங்கள் சாரதிமார் ‘ப்ரீயில விடுறது’ என்பார்கள். பெற்றோல் வரிசைக் காலத்தில் எல்லோரும் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது. கொழும்பில் தட்டையான வீதி, பெரிதாக ஒன்றும் ஆகாது. மலையில் அப்படியில்லை. அங்கே வாகனத்தைப் பிடித்து வைத்திருப்பது கியரில் இருக்கும் எஞ்சின். ப்ரீயில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். என்னிடம் பழகும் பெண்களுக்கு முதல் நாளிலேயே இதைச் சொல்லுவேன்.

“இது சாதாரண எஞ்சின் இல்லைத் தம்பி” என்று அவருக்குச் சொன்னேன். “இறக்கத்தில கியரில விட்டா இரையும், சூடாகும், கெட்டுப்போகும். இந்த மாதிரிக் காரை இறக்கத்தில ப்ரீயில விட்டு, பிரேக்கில தொட்டுத் தொட்டு வரவேணும். தெரிஞ்ச ஆக்கள் அப்பிடித்தான் ஓடுறது.”

“தெரிஞ்ச ஆக்கள்” என்ற சொல் போதுமாக இருந்தது. எஞ்சினுக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த வளவில் இருந்தது சிறு மேடு ஒன்றுதான், நீண்ட இறக்கம் இல்லை. அதனால் வாய்ப்பாடு போல அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். ஏற்றத்தில் கியர், இறக்கத்தில் ப்ரீ. நன்றாகப் பாடமாக்கினார்.

பயணத்துக்குப் பெண்களெல்லாம் ரெயிலில் போவதாக இருந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். புறப்பட்ட அன்று காலை வழியனுப்ப அவர்களுடைய தொடர்மாடியின் கீழே நின்றேன். சாம்பவி பையோடு வந்து அந்தச் சிவப்புக் காரின் முன் இருக்கையில் ஏறி இருந்தாள்.

“அவர்தான் வரச் சொன்னவர் அக்கா. பக்கத்தில இருந்தா தைரியமாம்.”

ஏறும்போது ஆபத்து இல்லை. நான் கை காட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை நுவரெலியாவிலிருந்து எனக்கு அழைப்பு எடுத்தாள். அடுத்த நாள் றம்பொடை வழியாகக் கீழே வருகிறார்கள். அவள் குரல் திருமணத்துக்கு முந்திய குரல் மாதிரி இருந்தது.

“அவர் மாறிட்டார் அக்கா. எஞ்சின் நிண்டுபோனா இப்ப கோவம் வாறேல்லை, சிரிக்கிறார். நேற்று என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தவர். அது காத்தில்லை, தான்தான் எண்டு சொன்னவர். அழுதவர்.”

“நீ என்ன சொன்னாய்?”

“என்னத்தைச் சொல்ல? விடுங்கோ எண்டனான்.”

மன்னித்துவிட்டாள். அந்தக் கை அவளுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கைக்குக் கியர் பிடிக்கப் பழக்கியவள் நான். அது உடைந்தபோது சோறு குழைத்து ஊட்டியவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு ஹோட்டல் அறையில் வைத்து அதை விட்டுக்கொடுத்திருந்தாள். இனி அவள் என் வீட்டுக்கு வரமாட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

பிறகு அவள் கேட்டாள். இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

“அக்கா, இறக்கத்தில ப்ரீயில விடலாமெண்டு நீங்களோ இவருக்குச் சொன்னது? எனக்கு அப்பிடிச் சொல்லித் தரேல்லையே. பெரகலையில நான் ரெண்டாம் கியரிலதானே இறக்கினனான். நாளைக்குக் கியரில வாங்கோ எண்டு சொன்னா, அக்கா சொன்னது வேற எண்டு நிக்கிறார். நீங்களே சொல்லுங்கோவன்.”

பக்கத்தில் அவர் சிரிப்பது கேட்டது. “டீச்சரைக் கேள், டீச்சரைக் கேள்” என்றார்.

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். வாய் தவறிவிட்டது, அவசரம் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை.

“அது வான், சாம்பவி. இது வேற கார். தம்பி சொல்றதுதான் சரி. நீ பக்கத்தில இருந்து அவரைக் குழப்பாதை.”

“அப்ப சரி” என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். வாகன விடயத்தில் நான் சொன்னதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

மிகுதி உங்களிடம் இருக்கிறது. கார் எந்த வளைவில் வீதியை விட்டு விலகியது என்பதும், பின்னால் வந்த பஸ் சாரதி என்ன சொன்னார் என்பதும். கார் எரிந்த மணத்தோடு போனது என்று அவர் சொன்னது சரி. அது பிரேக். இருவரும் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார்கள் என்று வைத்தியர் சொன்னார். வேதனை அதிகம் இருந்திருக்காது. அதைக் கேட்டறிந்துகொண்டேன்.

இரண்டு சவப்பெட்டியையும் ஒரே மலர்ச்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் முறை என்று அவருடைய ஆட்கள் வந்து கதைத்தார்கள். புருஷன் பெண்சாதி, ஒன்றாகப் போனவர்கள், பிரிக்கக்கூடாது என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. சாம்பவியை வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லிஃப்டுக்குள் பெட்டி நிற்காது என்றபடியால் படியால் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

அவளுடைய அறையில், அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அந்த மனிதரைப் பற்றி இனி அவள் எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவளை அவரிடமிருந்து மீட்டெடுப்பேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். நான் சொன்ன சொல் தவறவில்லை.