கருப்பசாமியிடம் கேட்ட உத்தரவு

இந்த வயதில் சிறுமலை அடிவாரத்துக் கருப்பசாமி கோயில்வரை பஸ்ஸில் போய் வந்தாலே எனக்கு முழங்கால் வீங்கிவிடுகிறது. ஆனாலும் குலசாமி உத்தரவு இல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணமோ கிணறோ வைத்தியமோ நடந்ததில்லை. அன்றைக்கும் அதற்காகத்தான் போனேன். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். மறைத்து மறைத்து எனக்கும் சலித்துவிட்டது.

என் மகன் சிவபிரகாஷுக்கு இதய வால்வில் கிருமி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன் செய்யும் டாக்டர் பொறுமையானவர். வயது, சிறுநீரகம், ரத்தத்தில் இருப்பது எந்தக் கிருமி என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பவே செஞ்சா இவரை மாதிரி நூறு பேர்ல எண்பது பேர் பொழைச்சுக்கிறாங்க. தள்ளிப்போட்டா கை மீறிடும்" என்றார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஊசியாகப் போட்டுக்கொண்டதால் வந்தது என்றார். பிழைத்ததும் மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வேண்டும், வீட்டு ஆட்களும் கூடப் போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் கிருமி வரும் என்றார்.

நாங்கள் இருக்கும் நாகல் நகரில் எல்லோரிடமும் விஷக்காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தேன். மகள் தீபாவுக்கு நல்ல இடத்தில் பேசி முடித்திருந்த நேரம். எங்கள் வம்சத்தில் கள்ளைத் தொட்டவன்கூடக் கிடையாது. காய்ச்சலில் போனவனுக்காக ஊர் அழும். ஊசியில் விழுந்து எழுந்து வந்தவனைப் பற்றி ஊர் பேசும், அவன் பிள்ளைகள் காலம்வரை பேசும்.

சிவபிரகாஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபரேசன் பண்ணச் சொல்லுங்கப்பா. இனிமே அதத் தொடவே மாட்டேன்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறி அவனுக்கு நினைவு தடுமாறியதால், மருமகள் பானுப்ரியா சம்மதக் கையெழுத்துப் போட உட்கார்ந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. "கருப்பசாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடும்மா" என்றேன். அவ்வளவுதான்.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது இப்படித்தான். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போடுவோம். கை எடுப்பது வெள்ளையானால் செய்யலாம், சிவப்பானால் கூடாது. கட்ட வேண்டியவன் குடும்பத்தில் மூத்தவன். ஒதுக்கமாக உட்கார்ந்து கட்டிக் கொண்டுவந்து போட்டேன். அவளையே எடுக்கச் சொன்னேன்.

கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

"மாமா, டாக்டரு எம்பது பேரு பொழைக்கிறாகன்னாரே."

"அவரு நூறு பேரச் சொன்னாரும்மா. சாமி நம்ம பிள்ளை ஒருத்தன மட்டும் பாத்துச் சொல்லுது."

பூசாரி சோலைமலை என் கையைப் பார்த்தார். "அண்ணே, அடுத்ததையும் பிரிச்சுக் காட்டிருங்க. அந்தப் பிள்ளைக்கு மனசு ஆறும்."

உத்தரவு வந்தபின் மற்றதைப் பிரிப்பது எங்கள் குடும்ப வழக்கமில்லை என்று சொல்லி, அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அதற்குள்ளும் செவ்வரளிதான் இருந்தது.

ஆபரேஷன் வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்று பானுப்ரியா எழுதிக் கொடுத்தாள். டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார். அவள் அழுதாளே தவிர மாறவில்லை. மறு வாரம் அவன் போய்விட்டான். கேதத்துக்கு வந்தவர்கள் காய்ச்சலைத்தான் திட்டினார்கள். தீபாவின் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

பானுப்ரியாதான் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. "இந்தக் கையாலதானே மாமா எடுத்தேன்" என்கிறாள். உன் மேல் குற்றமில்லையம்மா என்று நான்தான் தேற்றுகிறேன்.

ஆமாம், இரண்டிலும் சிவப்பு வைத்தவன் நான். அவன் சாகட்டும் என்றுதான் வைத்தேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அவ்வளவு சக்தியுள்ள சாமி, அவன் பிழைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால், அவள் பிரிக்கும்போது அந்தப் பூவை வெள்ளையாக்கியிருக்க மாட்டாரா?