மூன்று நாள் வித்தியாசம்

பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள், ஒன்பது நாற்பதுக்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருட வேலையில் ஒரு நாளும் தாமதமாக வந்தவன் இல்லை நான். உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன், உங்கள் வராந்தாவில் தீயணைக்கும் சிலிண்டரின் தேதி போன மாதமே முடிந்துவிட்டது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். கண் அங்கேதான் போகிறது, பழக்கம்.

நான் அச்சுப் பிரிவில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி, கார் கதவாகவோ கூரையாகவோ அழுத்தித் தரும் மெஷின்கள் எங்களிடம் ஆறு. அச்சு இறங்கும் நேரத்தில் யாராவது கையை விட்டால் ஒரு சென்சார் பார்த்து மெஷினை நிறுத்திவிடும். அந்தச் சென்சாரை நம்பித்தான் எல்லோரும் வேலை பார்த்தோம்.

நாங்கள் செய்தது சின்ன பெட்ரோல் கார். ஒரு காலத்தில் அதற்கு ஆறு மாதம் காத்திருந்து வாங்கினார்கள். பிறகு ஜனங்களுக்குப் புத்தி மாறிவிட்டது. பாதிப் பேருக்கு லாரி மாதிரி பெரிய வண்டி வேண்டும், மீதிப் பேருக்கு பேட்டரி வண்டி வேண்டும். எங்கள் கார்கள் யார்டில் வரிசையாக நின்று காக்கை எச்சம் வாங்கிக்கொண்டிருந்தன. சக்கரத்தடியில் புல் முளைத்தது. புல் வெட்ட ஆள் போட்டார்கள். தொழிற்சாலையில் அந்த வருடம் புதிதாக வேலைக்கு எடுத்தது அவர்களை மட்டும்தான்.

மூன்று ஷிஃப்ட் இரண்டானது. பிறகு ஒரு நாள் மேனேஜர் எங்களையெல்லாம் கேன்டீனில் கூட்டினார். நல்ல மனிதர், மைக்கைப் பிடித்தால் குரல் தழுதழுக்கும்.

"யாரையும் வெட்டப் போறதில்லை. நாம ஒரு குடும்பம். குடும்பத்தை ஒழுங்குபடுத்தறோம், அவ்வளவுதான்" என்றார்.

ஒழுங்குபடுத்திய பிறகு ஒரு ஷிஃப்ட்தான் இருக்கும் என்பது கடைசி வரியில் வந்தது. எதை வைப்பது? உற்பத்தியில் முதல் ஷிஃப்டும் என்னுடைய இரண்டாவது ஷிஃப்டும் சமம். வருகையிலும் சமம். ஆகவே பாதுகாப்பில் எது முன்னே நிற்கிறதோ அது நிலைக்கும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகள் உண்டு. விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி, கீழே எண் மாட்டியிருக்கும். அன்றைக்கு முதல் ஷிஃப்டில் நானூற்றுப் பன்னிரண்டு, என்னுடையதில் நானூற்று ஒன்பது. இரண்டு பலகைகளும் ஒரே நாளில் தொடங்கியவைதான், மூன்றாம் நாள் என் ஆள் ஒருவன் கைகழுவும் இடத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதால் என் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டியதாயிற்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சார். தினமும் எனக்கு ஒன்று ஏறும், அவர்களுக்கும் ஒன்று ஏறும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாலும் அந்த மூன்று நாளைப் பிடிக்க முடியாது. என் பக்கம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. செய்வதற்கு ஏதாவது மிச்சமிருந்தால் அது அவர்கள் பக்கத்தில்தான் இருந்தது.

என்னிடம் நூற்று நாற்பது பேர். அங்கேயும் நூற்று நாற்பது பேர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் என் பொறுப்பில் இல்லை.

பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு விரல் நுனி போதும், பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும். யாருடைய விரல் என்பதில்தான் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஒன்றாம் மெஷின்காரருக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. மூன்றாம் மெஷின்காரருக்கு ஏற்கெனவே ஒரு கண் மங்கல். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதே. கடைசியில் ஆறாம் மெஷினுக்கு வந்தேன். முதல் ஷிஃப்டில் அதில் நின்றவர் என் சகலை, என் மனைவியின் தங்கை கணவர்.

சொந்தம் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். வேறு யாரோ என்றால் பிறகு கூடவே இருந்து பார்த்துக்கொள்ள முடியாது. சகலை பக்கத்துத் தெருதான்.

அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது சொல்லியிருந்தார். "ஆறாம் மெஷின்ல தகட்டு மூலை ஒழுங்கா உட்காரவே மாட்டேங்குது சகல. கையை விட்டு ஒரு தட்டு தட்டினாதான் உட்காருது."

"கையை விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றேன். நான் கண்டித்ததற்கு என் மனைவி சாட்சி.

"அட, சென்சார் இருக்கே. நின்னுடும்" என்று சிரித்தார்.

அவர் இடது கைக்காரர். வலது கையில் ஒரு நுனி போனால் அவருக்குப் பெரிய சங்கடம் இருக்காது என்று நினைத்தேன். இடது கைக்காரர் இடது கையைத்தான் உள்ளே விடுவார் என்பது எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படி ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

அடுத்த ஞாயிறு காலை பராமரிப்புக்காக மெஷின்கள் நின்றிருந்தன. நான் ஆறாம் மெஷினின் மின்பெட்டியைத் திறந்து, நான்கு அங்குல வயரால் இரண்டு முனைகளை இணைத்தேன். அதற்குப் பிறகு சென்சார் எதைப் பார்த்தாலும் பார்க்காதது போல இருக்கும், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். வேலை செய்யும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். அவசரத்தில் இதையெல்லாம் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குப் போன் வந்தது. கொழுந்தியா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். என் வண்டியிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அழுதுகொண்டே ஏறப் பார்த்தாள். ஹெல்மெட் மாட்டாமல் நான் வண்டியை எடுக்கவில்லை.

இடது கை மணிக்கட்டு வரை போயிருந்தது. நுனி என்று நான் போட்ட கணக்குக்கும் அதற்கும் தூரம் அதிகம்தான். ஆனால் மெஷினுக்கு நுனி என்று சொல்லி அனுப்ப முடியாது அல்லவா.

கண் விழித்ததும் சகலை என்னைத்தான் தேடினார். "நிக்கும்னு நெனச்சேன் சகல. நிக்கலையே."

"பேசாதீங்க. ஓய்வு எடுங்க" என்றேன்.

கொழுந்தியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் மாமா."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கி வரப் போனேன்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி, சங்கச் செயலாளர், அடுத்த ஷிஃப்டின் சூப்பர்வைசர் என்ற முறையில் நான். சங்கச் செயலாளரை எல்லோரும் தோழர் என்றுதான் கூப்பிடுவோம். குழு மெஷின் முன்னால் போய் நின்றது. பச்சை விளக்கு எரிகிறதா என்று அதிகாரி கேட்டார். எரிகிறது என்றேன். எரிந்தது, நான் பொய் சொல்லவில்லை.

"மின்பெட்டியையும் திறந்து பார்த்துடலாமா?" என்றார் அதிகாரி.

தோழர்தான் தடுத்தார். "திறந்து ஏதாவது தப்பு தெரிஞ்சா மெஷினை நிறுத்துவாங்க. மெஷின் நின்னா வேலை நிக்கும். வேலை நின்னா சங்கம் எதுக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். மின்பெட்டியை மூடி, அதன்மேல் மூவர் கையெழுத்துடன் சீல் ஒட்டினோம்.

முதல் ஷிஃப்டின் பலகையில் பூஜ்யம் மாட்டினார்கள். மாதக் கடைசியில் அந்த ஷிஃப்டை மூடினார்கள். குரூப் போட்டோ எடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். சகலை கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். எனக்குச் சிறந்த பாதுகாப்புக்கான கேடயம் கிடைத்தது. மனைவி அதை டிவிக்கு மேலே வைத்தாள்.

நான் சகலையைக் கைவிடவில்லை. ஞாயிறுதோறும் போய் அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டு வந்தேன். வலது கையால் எழுதப் பழகக் கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொடுத்தேன். முதல் பக்கம் முழுக்கத் தன் கையெழுத்தைத்தான் எழுதிப் பார்த்திருந்தார். சிறு பிள்ளை எழுதியது போலக் கோணல்மாணலாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நல்ல முன்னேற்றம்.

வயரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் மின்பெட்டியில் சீல் இருந்தது. குழுவின் அனுமதி இல்லாமல் சீலை உடைப்பது விதிமீறல். அனுமதி கேட்டால் காரணம் கேட்பார்கள். ஆகவே விட்டுவிட்டேன். வயர் வைத்த நாளிலிருந்து என் ஆட்கள் யாரையும் ஆறாம் மெஷினில் நிறுத்தவில்லை. அந்த விஷயத்தில் என் மனசாட்சி சுத்தம்.

மெஷின் ஓடியது. கம்பெனி அப்போது ஒப்பந்த ஆட்களை எடுக்க ஆரம்பித்திருந்தது. கார் விற்றால் கூப்பிடலாம், விற்காவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு நீலச் சட்டை, அவர்களுக்குச் சாம்பல் சட்டை. அவர்களைத்தான் ஆறாம் மெஷினில் போட்டேன்.

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு சின்ன காரையே நிறுத்திவிட்டார்கள். நான் காப்பாற்றிய ஷிஃப்டும் போய்விட்டது. மேனேஜர் மறுபடி மைக்கைப் பிடித்துக் குரல் தழுதழுத்துவிட்டு, பேட்டரி காரில் ஏறிப் போனார். ஆறாம் மெஷினைப் பழைய இரும்புக்கு விற்கக் கழற்றியபோது எலக்ட்ரீஷியன் அந்த வயரைப் பார்த்துவிட்டார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் சம்மன் வந்த அன்றே நான் நேராகச் சகலை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது என்றுதான். அவர் அந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவைத்தார். ஒரு கையால் மூட நேரம் பிடித்தது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

"என் தப்புதான்னு ஒரு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "பசங்ககிட்டகூட அப்படித்தான் சொன்னேன். அப்பா கவனமில்லாம இருந்துட்டேன்டா, நீங்க கவனமா இருங்கன்னு."

"நல்ல புத்திமதிதானே சகல" என்றேன்.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோபப்படவில்லை. மனதிலிருந்த பாரம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கொழுந்தியாதான் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாள், காற்றாகவும் இருக்கலாம். என் மனைவி இப்போது தங்கைக்குத் துணையாக அங்கே போயிருக்கிறாள். நான்கு பெட்டிகள் எடுத்துப் போனாள், கொஞ்ச நாள் இருப்பாள் போலிருக்கிறது.

ஆமாம், வயரை வைத்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

இந்தக் காகிதத்தில் இருக்கும் இரண்டு பெயர்களா? தெரியாது சார், கேள்விப்பட்டதில்லை. ஒரு ஆண், ஒரு பெண். இவருக்கு மூன்று விரல், இந்தப் பெண்ணுக்குக் கை முழுவதும் என்று போட்டிருக்கிறது. ஆறாம் மெஷின் என்றும் போட்டிருக்கிறது. சரி, சரி, இப்போது ஞாபகம் வருகிறது. சாம்பல் சட்டைகள். ஒப்பந்தக்காரரின் வேன் வந்து கூட்டிப்போனது. ஒரு மணி நேரத்தில் வேறு ஆள் அனுப்பிவிட்டார்கள், வேலை தடைப்படவில்லை. அவர்களுக்கு நடப்பது ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் ஏறும், எங்களுடையதில் ஏறாது. கம்பெனி விதி அப்படி, நான் எழுதியதில்லை.

என் ஷிஃப்டில் கடைசி நாள் வரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.