சிவப்பு ஜல்லி

கிரஷினா வொய்தான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சோதனைக்கூடத்தில் முப்பதாண்டுகளாகக் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்த்து வருபவர். உடைந்த கட்டியின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்து நோக்காமல் அவர் ஓர் எண்ணையும் எழுதியதில்லை. வியெஷ்பின் நகரின் ஆற்றின்மீது புதிய நடைபாலம் கட்டிய ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளனாக இருந்த செஸ்வாவ், கிரஷினாவின் தம்பி. மாணவர் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவன் சோதனைக்கூடத்திற்குள் நுழைந்தான்.

— பாலத்துல துளை போட்டுத் துண்டு எடுத்தியாமே? உன்னை யாரு கேட்டா?

— கதவைச் சாத்திட்டுப் பேசு.

— சாத்த மாட்டேன். பாலம் சரியா இருக்குன்னு போன மாசமே அறிக்கை குடுத்தாச்சு. அப்புறம் எதுக்குக்கா...

— அந்த அறிக்கை பாலத்துக் கான்கிரீட் மாதிரின்னு நீ கொண்டுவந்த கட்டிக்கு. பாலத்துலேர்ந்து நேத்து எடுத்த துண்டு பாதி பாரத்துலயே நொறுங்கிப்போச்சு.

— குளிர்ல ஊத்தினது... மெதுவாத்தான் இறுகும்.

— யார்கிட்ட கதை விடுற? பாலத்துல இருக்கறது ஆத்துக் கூழாங்கல்லு. உன் கட்டியில இருந்தது சிவப்பு ஜல்லி. சோதனைக்குன்னே தனியாக் கலந்து ஊத்தியிருக்க.

— முதலாளி சொன்னாரு...

— சொன்னா செஞ்சிருவியா?

— எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். நான் மட்டும் என்ன...

— வெள்ளிக்கிழமை விழாவுல, இன்னிக்கு ஊரு உங்களுதுன்னு மேயர் பசங்க கையில நகரச் சாவியைக் குடுப்பாரு. வேஷம் கட்டிக்கிட்டு நாலாயிரம் பேர் அந்தப் பாலத்து மேல குதிச்சுக்கிட்டு வருவாங்க. உன் பொண்ணு ஆகாதாவும் வருவா.

— தெரியும். தேனீ வேஷம்... ரெக்கையை நான்தான் ஒட்டினேன்.

— ரெக்கையை ஒழுங்கா ஒட்டத் தெரிஞ்சிருக்கு.

— குத்திக் காட்டாதே. அவளைப் பழைய பாலம் வழியா வரச் சொல்லிட்டேன்.

— உன் பொண்ணை மட்டும்? மீதிப் பேருக்கு யாருடா சொல்றது?

— போதும்க்கா. ரொம்ப நியாயம் பேசாதே. பூதக்கண்ணாடி வைக்காம நீ ஒரு எண்ணும் எழுத மாட்டியே. என் கட்டியை உடைச்ச அன்னிக்கு உள்ள என்ன பார்த்தே? சொல்லேன். அறிக்கையில கையெழுத்து யாருது?

— என்னுது. சிவப்பு ஜல்லியை அன்னிக்கே பார்த்தேன். தம்பியாச்சேன்னு எழுதாம விட்டேன். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மேயரைப் பார்க்கப் போறேன். முதல்ல என் பேரைச் சொல்லுவேன்.